பழைய உருவம் திரும்புமா?

நாணத்தை ஈமானோடு சேர்த்தெண்ணி வளர்ந்த சமுதாயம் நம்முடையது. அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆயினும் நாணம் வேறு, அறியாமை வேறு. அறிய வேண்டியதை அறியவொட்டாமல் தடுப்பது நாணம் ஆகாது. மதீனாவின் அன்சாரிப் பெண்கள் தம் உடலைப் பற்றிய ஐயங்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள நாணம் அவர்களுக்குத் தடையாக இருந்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அப்பெண்களைப் பாராட்டியிருக்கிறார்கள். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் குடும்பங்களில் வாய்விட்டுப் பேசப்படாத ஒன்று. எனவே அந்தப் பாராட்டைத் துணையாகக் கொண்டு தொடங்குகிறோம்.

காரைக்கால் பகுதியிலிருந்து பிரான்சு நாட்டில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெண், சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவர், இன்று அந்நாட்டின் தென்பகுதியில் ஒரு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறார். இரு பெருநாள்களுக்கும் சலாம் சொல்லிக் கடிதம் எழுதுவது அவர் வழக்கம். சென்ற ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி வந்த கடிதம் வழக்கத்தைவிட நீண்டிருந்தது.

ஐம்பது வயதை அடுத்த பெண்மணி ஒருவர், இருபத்தைந்து வயதில் தம் மார்பில் வைத்துக்கொண்ட சிலிகான் பைகளை அகற்றிக்கொள்ள அம்மருத்துவமனைக்கு வந்திருந்தாராம். ஒரு பக்கத்துப் பை உள்ளேயே கிழிந்துவிட்டிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முந்திய இரவு அவர் செவிலியரின் கையைப் பற்றிக்கொண்டு, "எடுத்த பிறகு நான் முன்னைப் போல் ஆகிவிடுவேன் அல்லவா?" என்று கேட்டார். "முன்னைப் போலவே ஆகிவிடுவீர்கள், கவலைப்படாமல் உறங்குங்கள்" என்று நம் மாணவி சொன்னார். அவரும் உறங்கினார். சில நாள்களுக்குப் பின் கட்டைப் பிரித்தபோது அப்பெண்மணி கண்ணாடியில் தம்மைப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின் திரும்பி, "நீங்கள் சொன்னீர்களே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"ஹஜ்ரத், நான் சொன்னது பொய்யா, ஆறுதலா? நோயாளிக்கு ஆறுதல் சொல்வது நன்மை என்று தாங்கள்தாம் எங்களுக்குக் கற்றுத் தந்தீர்கள். அந்த அம்மா சொன்ன இரண்டு சொற்கள் என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டன" என்று கடிதம் முடிந்திருந்தது.

நாம் உடனே பதில் எழுதவில்லை. ஆறுதல் சொல்வதன் சிறப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேச நமக்கு இயலும். ஆனால் அப்பெண்மணி கண்ணாடியில் கண்டது என்ன, அது ஏன் அவ்வாறு இருந்தது என்பதை அறியாமல் ஆறுதலைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு. ஆகவே நமக்குப் பழக்கமான மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், அவர் படிக்கச் சொன்னவற்றைப் படித்தும் ஓரளவு தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதை வாசகர்கள் முன்னும் வைக்கிறோம். கேள்வி ஒரு செவிலியருடையது மட்டுமன்று. நோயுற்றவரின் அருகில் அமர்ந்து, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லாதவர் நம்மில் யார்?

குவியலின் உட்புறம்

சிலிகான் கூழ் நிறைந்த பைகளைப் பெண்ணின் மார்பில் முதன்முதலாகப் பொருத்தியவர்கள் தாமஸ் குரோனின், ஃபிராங்க் கெரோ என்னும் இரு மருத்துவர்கள். அது 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்தது. அதன்பின் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. புற்றுநோயால் மார்பை இழந்த பெண்களுக்கு அது இழப்பை ஈடு செய்யும் வழியாயிற்று. அதனினும் பன்மடங்கு பெண்களுக்கு அழகைக் கூட்டும் வழியாயிற்று. பாதுகாப்பைப் பற்றிய ஐயங்கள் எழுந்ததால் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1992இல் சிலிகான் பைகளின் பொதுப் பயன்பாட்டை நிறுத்தியது. நோயின் பின்னான சீரமைப்பு முதலிய சில தேவைகளுக்கு மட்டும் விட்டுவைத்தது. 2006இல் மீண்டும் பரவலாக அனுமதித்தது.

இப்பைகள் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கக் கூடியவை அல்ல என்று அந்நிர்வாகமே கூறுகிறது. அழகுக்காக வைத்துக்கொண்ட பெண்களில் நூற்றுக்கு 20 பேர் வரை, 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் அவற்றை அகற்ற வேண்டியவர்களாகிறார்கள் என்பது அது தரும் கணக்கு. பை கிழிவதும், அதைச் சூழ்ந்து உடல் அமைத்துக்கொண்ட உறை கல்போல் இறுகி வலிப்பதும், பை இடம் பெயர்வதும் பொதுவான காரணங்கள். சொரசொரப்பான மேற்புறம் கொண்ட ஒரு வகைப் பை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையது எனத் தெரிந்தமையால் 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நோயொன்றும் இல்லாமலே, இனி வேண்டாம் என்ற முடிவுக்கு வந்து அகற்றிக்கொள்பவர்களும் உண்டு.

நம் மாணவி வாழும் பிரான்சில் இது ஒரு பெரும் வழக்காகவே ஆயிற்று. துலோன் நகரையடுத்த லா சேன் சூர் மேர் என்னும் கடற்கரை ஊரில் பிஐபி என்னும் நிறுவனம் இப்பைகளைச் செய்து உலகின் பல நாடுகளுக்கு விற்று வந்தது. அதை 1991இல் தொடங்கியவர் ஜான் குளோத் மாஸ் என்பவர். உடலுக்குள் வைப்பதற்கென அனுமதி பெற்ற சிலிகானுக்குப் பதிலாக, தொழிற்சாலைப் பயனுக்குரிய மலிவான சிலிகானை அந்நிறுவனம் பைகளில் அடைத்தது. பைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிழிவதை மருத்துவர்கள் கண்டனர். 2010ஆம் ஆண்டு மார்ச்சில் அரசு விற்பனையைத் தடை செய்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில், அப்பைகளைத் தாங்கியிருந்த ஏறத்தாழ 30,000 பிரெஞ்சுப் பெண்கள் முன்னெச்சரிக்கையாக அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு அரசு அறிவுறுத்தியது. தணிக்கைக்கு வந்தவர்களின் கண்ணில் படாமல் மலிவுச் சரக்கை மறைத்து வைக்கும்படி தாமே பணித்ததாக மாஸ் விசாரணையில் ஒப்புக்கொண்டார். 2013இல் மார்செய் நகர நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2019இல் அவர் இறந்தார்.

இதைப் படித்தபோது மதீனாவின் கடைத்தெரு நமக்கு நினைவு வந்தது. தானியக் குவியலொன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியல் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்க மறுத்தார்கள். உள்ளே இருப்பதை மறைத்து விற்பது எத்தகைய குற்றம் என்பதற்கு நாம் மாணவர்களுக்குச் சொல்லும் முதற் சான்று இதுவே. இந்தச் சான்று இன்னொருவரையும் தொட இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

பிரெஞ்சு அரசு அகற்றும் செலவை எல்லாப் பெண்களுக்கும் ஏற்றுக்கொண்டது. ஆனால் புதிய பை வைக்கும் செலவை, நோயினால் மார்பை இழந்து சீரமைத்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே ஏற்றது. ஆகவே புதிய பைக்குச் செலவிட வசதியோ விருப்பமோ இல்லாத பெண்கள் பலர் ஒரே கேள்வியோடு மருத்துவமனைகளின் வாயிலில் நின்றார்கள். எடுத்த பின் நான் எப்படி இருப்பேன்?

அகற்றிய பின் உடல்

ஒரு பை பல ஆண்டுகள் உடலுக்குள் இருக்கும்போது வெறுமனே இருப்பதில்லை. மேலே உள்ள தோலை விரிக்கிறது. தன்னைச் சூழ்ந்த இயற்கையான திசுவையும் கொழுப்பையும் அழுத்தி மெலியச் செய்கிறது. சிலருக்கு அடியிலுள்ள விலாப் பகுதியிலும் சற்றுக் குழிவு ஏற்படுவதுண்டு. உடலோ அந்த அந்நியப் பொருளைச் சுற்றி நார்போன்ற திசுவால் ஓர் உறையை அமைத்துக்கொள்கிறது. பையை எடுத்துவிட்டால் பை போய்விடும். அது இத்தனை ஆண்டுகள் செய்த வேலை அதே நாளில் போய்விடாது. விரிந்த தோல் விரிந்தபடி இருக்கும். அதனுள் நிரம்பி நிற்க முன்பிருந்த அளவு திசு இராது.

ஆகவே கட்டைப் பிரித்த முதல் நாள்களில் மார்பு தட்டையாகவும் தளர்ந்தும் தோன்றும். மேற்பகுதி குழிந்து காணப்படலாம். தோலில் சுருக்கங்கள் விழலாம். காம்பு கீழ்நோக்கித் திரும்பியிருக்கலாம். வீக்கமும் கன்றிய நிறமும் சேர்வதால் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாமல் இருக்கும். தழும்பு சிவந்து தடித்திருக்கும். சில இடங்களில் உணர்ச்சி மரத்தோ மிகுந்தோ இருக்கும். இயற்கையிலேயே இரு பக்கங்களுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்து, பை அதை மறைத்திருந்தால், அவ்வேறுபாடும் இப்போது வெளிப்படும். நம் மாணவியின் நோயாளி கண்ணாடியில் கண்டது இதைத்தான்.

ஆனால் அவர் கண்டது முடிவான தோற்றமன்று. வீக்கம் சில வாரங்களில் வடிகிறது. தோல் தன் தன்மைக்கேற்ப மெல்லச் சுருங்குகிறது. அழுந்திக் கிடந்த திசு, அழுத்தம் நீங்கிய பின் ஓரளவு தளர்ந்து பரவி இடத்தை நிரப்புகிறது. மூன்றாம் மாதத்தில் காணும் உருவம் முதல் வாரத்து உருவத்திலிருந்து வேறுபட்டிருக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஏறத்தாழ நிலையான தோற்றம் அமைந்துவிடும். தழும்பு வெளிறி மெலிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அது மங்கும், ஆனால் முற்றிலும் மறையாது.

இறுதித் தோற்றம் எல்லோருக்கும் ஒன்றன்று. பை சிறியதாயிருந்து, சில ஆண்டுகளே இருந்து, தோலில் இளமையின் இறுக்கமும், உள்ளே போதிய சொந்தத் திசுவும் இருந்தால், பழைய உருவத்திற்கு அணித்தான ஓர் உருவம் வரக்கூடும். பை பெரியதாயிருந்து, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கடந்து, இடையில் பிள்ளைப்பேறும் உடல் எடையின் ஏற்ற இறக்கமும் நேர்ந்து, தோல் தளர்ந்திருந்தால், தட்டையான தளர்ந்த உருவமே எஞ்சும். புகைபிடிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்குத் தோலின் இரத்த ஓட்டம் குறைந்து காயம் ஆறுவதும் கடினமாகும்.

தளர்ந்த தோலைக் குறைத்துக் காம்பை மேலே ஏற்றித் தைக்கும் சிகிச்சை உண்டு. உடலின் வேறு பகுதியிலிருந்து கொழுப்பை எடுத்து நிரப்பும் முறையும் உண்டு. முன்னதில் தழும்புகள் கூடும். பின்னதில் நிரப்பியதில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொண்டுவிடும். இவற்றை அகற்றும்போதே செய்துவிடுவதும் உண்டு. உடல் தானே எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சில மாதங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்வதும் உண்டு. காத்திருந்தவர்களில் சிலர், இனி ஒன்றும் வேண்டாம், இதுவே போதும் என்று நின்றுவிடுகிறார்கள்.

முன்னைப் போல் ஆகிவிடுவேனா என்ற கேள்விக்கு மருத்துவம் தரும் நேர்மையான விடை இதுதான். சிலருக்கு அதற்கு அணித்தாக வரும், பலருக்கு வராது, எவருக்கும் முதல் வாரத்துத் தோற்றம் முடிவான தோற்றமன்று. இவ்விடையின் மூன்று பகுதிகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இரவல் பொருளின் தேய்மானம்

பிக்ஹு நூல்களில் இரவல் பொருளுக்கெனத் தனிப் பாடம் உண்டு. அரபியில் அதனை ஆரிய்யா என்பர். அதில் வரும் கேள்விகளில் ஒன்று: அணிந்துகொள்வதற்காக ஒருவர் ஓர் ஆடையை இரவல் வாங்கினார். அணிந்ததால் அது நைந்தது. திருப்பித் தரும்போது அந்த நைவுக்கு ஈடு கொடுக்க வேண்டுமா? இரவல் பொருள் தொலைந்துபோனால் யார் பொறுப்பு என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டினால் நேர்ந்த தேய்மானத்திற்கு ஈடு கேட்பதில்லை என்பதில் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தும் ஹனஃபி மத்ஹபின் முடிவும் ஒன்றுபடுகின்றன. இரவல் கொடுத்தவர் புத்தாடையை எதிர்பார்க்கலாகாது. அணியக் கொடுத்தவருக்கு, அணிந்த ஆடை திரும்பி வரும்.

உடல் நம்மிடம் உள்ள அமானிதம் என்று சொல்கிறோம். ஆனால் அதை ஒருநாளும் நையாத பொருளாக எண்ணிக்கொள்கிறோம். இருபத்தைந்து வயதில் எடுத்த புகைப்படத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஐம்பது வயதில் அதே உடலைத் திரும்பக் கேட்கிறோம். அந்தப் பிரெஞ்சுப் பெண்மணிக்கு அறுவைச் சிகிச்சையே செய்துகொள்ளாத ஒரு சகோதரி இருந்தாள் எனக் கொள்வோம். அவளும் பிள்ளைகளைப் பெற்று, பாலூட்டி, இளைத்து, பருத்து, ஐம்பதை எட்டியிருப்பாள். அவளுடைய மார்பும் இருபத்தைந்து வயதில் இருந்தபடி இராது. அவர் தேடிய பழைய உருவம், அவர் அதைத் தொடாமலே விட்டிருந்தாலும் இன்று அவரிடம் இருந்திராது. பை அகற்றப்பட்ட பின் ஒருவருக்குத் திரும்பக் கிடைப்பது அவருடைய சொந்த உடல், இன்றைய வயதில், அது கடந்து வந்த வழியின் அடையாளங்களோடு. இதனை இழப்பு என்பதா, மீட்பு என்பதா என்பது, அவர் கையில் வைத்திருக்கும் அளவுகோலைப் பொறுத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டின் தேய்மானத்திற்குத்தானே ஈடு இல்லை? அழகுக்காக உடலைக் கீறி அந்நியப் பொருளை வைத்துக்கொள்வது அனுமதிக்கப்பட்ட பயன்பாடா? கேள்வி நியாயமானது. நோயாலோ விபத்தாலோ நேர்ந்த குறையைச் சீர்செய்வதையும், குறையில்லாத உடலை அழகுக்காக மாற்றுவதையும் அறிஞர்கள் வேறுபடுத்தியே பார்க்கிறார்கள். 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் முன்னதை அனுமதித்து, பின்னதைத் தடுத்தது. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அது கெட்டு நாற்றம் வீசியபோது, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குப் பொன்னணி ஆகாது என்ற விதி இருந்தும், இழந்த உறுப்பின் இடத்தை நிரப்ப அது ஆகுமாயிற்று. தோற்றத்தைப் பற்றி ஒரு மனிதர் கொள்ளும் கவலையை மார்க்கம் அற்பமென ஒதுக்கிவிடவில்லை என்பதற்கு இது போதும்.

ஆனால் முதற் செயல் தவறாகவே இருந்தது என வைத்துக்கொண்டாலும், அதை விட்டுத் திரும்புகிற பெண்ணின் தளர்ந்த தோலைக் காட்டி, 'பார், தண்டனை' என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தோலுக்கு நிய்யத் தெரியாது. புற்றுநோய்க்குப் பின் பை வைத்துக்கொண்டவரின் தோலும், அழகுக்காக வைத்துக்கொண்டவரின் தோலும் ஒரே விதிப்படிதான் விரிகின்றன, ஒரே விதிப்படிதான் சுருங்குகின்றன. வட்டியை விட்டொழித்தவர் கையில் பணம் குறைந்திருப்பதை நாம் தண்டனை என்பதில்லை. தவ்பா செய்தவருக்கு மன்னிப்பு கிடைக்கும். கடந்துபோன ஆண்டுகள் கிடைப்பதில்லை. மன்னிப்பை எதிர்பார்த்தல் கடமை. ஆண்டுகளைத் திரும்ப எதிர்பார்த்தல் பேதைமை.

பார்ப்பவர்களின் பொறுப்பு

அரபியில் கா, லாம், காஃப் என்னும் மூன்று எழுத்துகளை வைத்துக்கொண்டு கல்க் என்று ஓதினால் புற உருவம். குலுக் என்று ஓதினால் உள்ளத்தின் குணம். எழுத்து ஒன்றே, உயிர்க்குறிதான் வேறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இவ்விரண்டையும் இணைத்துக் காட்டி, புறத்திற்கு ஓர் உருவம் இருப்பது போல அகத்திற்கும் ஓர் உருவம் உண்டு என விளக்குகிறார்கள். புற உருவத்தை அழகாக்கியது போலக் குணத்தையும் அழகாக்கித் தருமாறு இறைவனிடம் கேட்கும் துஆவை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறோம்.

ஒருவரின் புற உருவம் மாறும்போது சோதிக்கப்படுவது அவருடைய குணம் மட்டுமன்று, அவரைப் பார்ப்பவர்களின் குணமுமாகும். இருபத்தைந்து வயதுப் பெண் தன் மார்பு போதாது என்று எங்கே கற்றாள்? கண்ணாடி அதைச் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னே பலருடைய கண்கள் இருந்தன. விளம்பரப் படங்கள் இருந்தன. ஒருவேளை ஓர் ஆடவனின் ஒரு சொல்லும் இருந்திருக்கலாம். சொன்னவன் அதை மறந்திருப்பான். அவள் அதைத் தன் உடலில் கால் நூற்றாண்டு சுமந்தாள்.

இது பிரான்சின் கதைதானே என்று நாம் விலகி நிற்க இயலாது. பெண் பார்க்கச் சென்று வந்து நிறத்தையும் பருமனையும் கூந்தலின் நீளத்தையும் பேசும் நாவுகள் நம் வீடுகளில் இல்லையா? அங்கே கத்தி செய்ததை இங்கே நாவு செய்கிறது. நோயினால் மார்பை இழந்து வீடு திரும்பும் பெண் நம் ஊர்களிலும் உண்டு. கணவன் அவளை முதன்முறை பார்க்கும் பார்வை, அவள் தன்னைத்தானே பார்க்கும் பார்வையாகிவிடுகிறது. அந்த வேளையில் முகம் சுளிக்காமல் இருப்பது மட்டும் போதாது. அவள் கேட்குமுன் மருத்துவரிடம் தானும் சென்று, என்ன மாறும், எவ்வளவு நாளாகும் எனக் கேட்டறிந்து வருவது கணவனின் கடமை. அறிந்தவனின் முகம் அதிர்ச்சி காட்டாது. தாய்க்கும் சகோதரிகளுக்கும் மாமியாருக்கும் இதுவே பொருந்தும்.

ஆறுதலும் உண்மையும்

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். நோயாளியைக் காணச் செல்பவர் அவருக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டும் என்று நாம் கற்பித்தது உண்மை. ஆனால் அதன் எல்லையைக் கற்பிக்கத் தவறினோமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆயுள் நீளும், நோய் நீங்கும் என்று நாம் சொல்லும்போது, மனிதர் எவரும் அறியாத, இறைவன் மட்டுமே அறிந்த ஒன்றைப் பற்றி நல்லதை எதிர்பார்க்கிறோம். அது ஆறுதல். விரிந்த தோல் என்ன ஆகும் என்பதோ மருத்துவமனையில் பணிபுரியும் ஒருவர் நாள்தோறும் காண்பது. அறியாததில் நம்பிக்கை ஊட்டுவது ஒன்று, அறிந்ததை மாற்றிச் சொல்வது மற்றொன்று. முன்னதைச் செய்வதாக எண்ணிக்கொண்டு பின்னதைச் செய்துவிடுவது, இளகிய மனம் உடையவர்களுக்கே மிகுதியாக நேர்கிறது.

தானியக் குவியலின் சான்று இன்னொருவரையும் தொடும் என்று சொன்னோமே, அது இதுதான். மாஸ் செய்ததும் நம் மாணவி செய்ததும் ஒன்றல்ல. ஒருவர் பணத்திற்காக மறைத்தார். ஒருவர் இரக்கத்தால் மறைத்தார். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநீதி. ஆயினும், ஈரத்தை உள்ளே வைத்து உலர்ந்ததை மேலே வைக்கும் அந்த ஒரு செயலில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

பை கிழிந்திருந்ததால் அகற்றுவது எப்படியும் நடக்க இருந்தது, என் சொல்லால் அவருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு நட்டம் உண்டு. கண்ணாடியின் முன் நிற்பதற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள அப்பெண்மணிக்கு அந்த இரவு இருந்தது. இனிய சொல் அந்த இரவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

ஆகவே நாம் இவ்வாறு பதில் எழுதினோம்:

"மகளே, நீ சொன்னது ஆறுதலின் உடையில் வந்த பொய். உன் நோக்கத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் அப்பெண்மணிக்கு உண்மையை அறியும் உரிமை இருந்தது. அது ஹக்குல் இபாத். அடியாருக்குரிய உரிமையில் நேர்ந்த குறைக்கு அந்த அடியாரிடமே பொறுப்புக் கேட்க வேண்டும். அவர் உன் மார்க்கத்தவரா என்பது இதில் கேள்வியே அன்று. அவர் மறுமுறை வரும்போது சென்று மன்னிப்புக் கேள். கேட்டுவிட்டு உடனே திரும்பிவிடாதே. அன்று நீ முழு உண்மையையும் சொல்லவில்லை. இன்று அவர் நம்பிக்கொண்டிருப்பதும் முழு உண்மையன்று. முதல் வாரத்தில் கண்டதே தம் உருவம், இனி என்றும் இப்படித்தான் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அதுவும் பொய்யே. வீக்கம் வடியும், தோல் சுருங்கும், தழும்பு மங்கும், ஆறு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும், அதன் பின்னும் இருபத்தைந்து வயது திரும்பாது என்று சொல். அந்த ஓர் இரவில் நீ சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இதில் உள்ள ஆறுதல், நீ சொன்னதில் இருந்த ஆறுதலைவிடக் குறைந்ததன்று."

அடுத்த கடிதம் பெருநாளுக்குக் காத்திராமல் வந்தது. தையலைப் பார்க்க வந்த அப்பெண்மணியிடம் நம் மாணவி மன்னிப்புக் கேட்டாராம். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லையாம். மாதங்களின் கணக்கைச் சொன்னபோது மட்டும் கைப்பையிலிருந்து சிறு நாட்குறிப்பை எடுத்து, ஆறாம் மாதத்தின் பக்கத்தைத் திருப்பி ஏதோ எழுதிக்கொண்டாராம். எழுதி முடித்ததும், "அன்றைக்கு நீங்கள் பணியில் இருப்பீர்களா?" என்று கேட்டாராம். இருப்பேன் என்று நம் மாணவி சொல்லியிருக்கிறார்.

அந்த ஆறாம் மாதம் இன்னும் வரவில்லை. அப்போது கண்ணாடி என்ன காட்டும் என்பது நமக்குத் தெரியாது. அதில் நல்லதை எதிர்பார்ப்பது ஆகும். நம் உருவத்தை அழகுற அமைத்த வல்லோன் நம் பார்வையையும் நாவையும் அழகாக்கி வைப்பானாக.